பந்திக்கு முந்தியவர்கள்: அமெரிக்காவின் சம்பளப் பாதுகாப்புக் கடன், ஒரு நிகழ்வு ஆய்வு

வரவு அடியோடு நின்றுபோனால், கையிருப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சிறு தொழில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? கொரோனாவுக்கு நான்கு ஆண்டு முன்பே, 2016இல், ஜேபி மோர்கன் சேஸ் வங்கியின் ஆய்வுப் பிரிவு அமெரிக்கச் சிறு தொழில்களின் வங்கிக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்து இதற்கு விடை சொன்னது. எல்லாத் தொழில்களையும் வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பதற்கு 27 நாள். உணவகம் என்றால் 16 நாள்.

நியூயார்க் உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிடுவது 2020 மார்ச் 16 இரவோடு நிறுத்தப்பட்டது. அதோடு 16 நாளைக் கூட்டினால் ஏப்ரல் 1. சிறு தொழில்களைக் காப்பாற்ற அமெரிக்க அரசு அறிவித்த கடனுக்கு விண்ணப்பம் வாங்கத் தொடங்கியது ஏப்ரல் 3. விண்ணப்பித்த அன்றே பணம் வந்துவிடவும் இல்லை.

இந்த ஆய்வு முழுக்க அந்தக் கடனைப் பற்றியதுதான். அதன் பெயர் சம்பளப் பாதுகாப்புத் திட்டம். ஆங்கில முதலெழுத்துகளில் பிபிபி. 2020 ஏப்ரல் முதல் 2021 மே வரை, இடையில் சில மாதம் நின்று, ஏறத்தாழ 1.18 கோடி கடன்கள், சுமார் 80,000 கோடி டாலர் அதில் போயின. ஒரு சுகாதார நெருக்கடியில் சிறு தொழிலுக்கென்று ஒரே திட்டத்தில் இவ்வளவு பணம் கொட்டப்பட்டது அபூர்வம். ஆகவே "பணம் போதவில்லை" என்ற வழக்கமான புலம்பலுக்கு இங்கே இடம் குறைவு. போதுமான பணம் இருந்தும் போய்ச் சேர வேண்டியவருக்கு ஏன் தாமதமாகப் போனது, சிலருக்கு ஏன் போகவே இல்லை என்பதுதான் எனக்குக் கேள்வி. பணத்தின் அளவைவிட அது எந்த வாசல் வழியாக வருகிறது என்பதே ஒரு கடை பிழைப்பதையும் மூடுவதையும் தீர்மானிக்கிறது என்பது என் கணிப்பு.

ஏன் வங்கி வாசல்?

கேர்ஸ் சட்டம் என்று அழைக்கப்படும் நிவாரணச் சட்டம் 2020 மார்ச் 27 அன்று கையெழுத்தானது. அதில் இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கியது 34,900 கோடி டாலர். மேலவையில் மார்கோ ரூபியோ, சூசன் காலின்ஸ், பென் கார்டின், ஜீன் ஷாஹீன் என இரு கட்சியினரும் சேர்ந்து வடிவமைத்தார்கள். உருவம் இதுதான்: தொழிலின் சராசரி மாதச் சம்பளச் செலவைப் போல் இரண்டரை மடங்கு கடன், உச்சவரம்பு 1 கோடி டாலர், வட்டி 1 சதவீதம், ஈடும் வேண்டாம், சொந்த ஜாமீனும் வேண்டாம். வாங்கிய பணத்தைக் குறித்த காலத்துக்குள் பெரும்பாலும் சம்பளத்துக்கும், மிச்சத்தை வாடகை, வட்டி, மின்சாரம் போன்றவற்றுக்கும் செலவழித்துக் கணக்குக் காட்டினால் கடன் முழுவதும் தள்ளுபடி. பெயருக்குக் கடன், நடைமுறையில் மானியம்.

இதை அரசே நேராகக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பது சுலபம். கொடுக்கக் கை இருந்திருக்க வேண்டும். சிறு தொழில் நிர்வாகம் என்ற மத்திய அமைப்பு, எஸ்பிஏ, தன் முக்கியக் கடன் திட்டத்தில் 2019 நிதியாண்டு முழுவதும் உத்தரவாதம் தந்தது ஏறக்குறைய 2,300 கோடி டாலர்தான். இப்போது அதைப் போல் பதினைந்து மடங்கை சில வாரங்களில் பட்டுவாடா செய்ய வேண்டும். மாநில அரசுகளின் வேலையின்மை உதவி அலுவலகங்களோ பல இடங்களில் பழைய கணினிகளோடு மல்லாடிக்கொண்டிருந்தன. எந்தக் கடையில் எத்தனை பேர், இந்த மாதச் சம்பளம் எவ்வளவு என்று உடனுக்குடன் சொல்லும் பதிவேடு மத்திய அரசிடம் இல்லை. நாடு முழுக்கக் கிளை பரப்பி, தொழில்களின் கணக்குகளையும் கையில் வைத்திருந்தவை வங்கிகள் மட்டுமே. ஆகவே வங்கிகள் பணத்தைக் கொடுக்கட்டும், அரசு நூற்றுக்கு நூறு உத்தரவாதம் தரட்டும் என்று முடிவாயிற்று.

அந்த நெருக்கடியில் இதைவிட நல்ல யோசனை வேறு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வங்கியை வாசலாக்கினால் வங்கிக்குத் தெரிந்தவர்தான் முதலில் உள்ளே போவார். இதைச் சொல்ல நிபுணர் தேவையில்லை. கடன் கேட்டு வங்கி மேலாளர் முன்னால் ஒருமுறை உட்கார்ந்தவருக்கே தெரியும். சட்டம் எழுதியவர்களுக்கும் தெரியாமல் இல்லை. வசதி குறைந்த பகுதிகளிலும் கிராமங்களிலும் இருப்பவர்களுக்கு, பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்ற கருத்து சட்டத்திலேயே இருந்தது. அதை நடத்திக்காட்டும் கட்டாய விதி எதுவும் முதல் சுற்றில் வரவில்லை.

பதின்மூன்று நாள்

கடன் விதிகள் ஏப்ரல் 2 மாலையில் வெளியாயின. மறுநாள் காலையில் விண்ணப்பம் வாங்க வேண்டும். அரை சதவீதம் என்று முதலில் சொன்ன வட்டியை அன்று மாலைதான் ஒன்றாக்கினார்கள். வங்கி ஊழியர்களில் பலர் வீட்டில் உட்கார்ந்து, இரவோடு இரவாக விதியைப் படித்து, காலையில் தொலைபேசி எடுத்திருப்பார்கள். எஸ்பிஏவின் இணைய அமைப்பு சுமை தாங்காமல் தடுமாறியது. பெரிய வங்கிகள் சில, ஏற்கெனவே தங்களிடம் தொழில் கணக்கு வைத்திருப்பவர்களின் விண்ணப்பத்தை மட்டும் எடுத்தன. ஒரு வங்கி தொடக்கத்தில், கணக்கு இருந்தால் போதாது, கடனும் வாங்கியிருக்க வேண்டும் என்றது. வேறு வங்கிக்குப் போகலாமே என்றால் அங்கே புதிய வாடிக்கையாளரைச் சேர்ப்பது நின்றிருந்தது.

தனி ஆளாகச் சுயதொழில் செய்பவர்களும் ஒப்பந்த வேலைக்காரர்களும் ஏப்ரல் 10 அன்றுதான் விண்ணப்பிக்கலாம் என்று விதி. ஆறே நாளில், ஏப்ரல் 16 அன்று, பணம் தீர்ந்துவிட்டது.

மொத்தம் 16.6 லட்சம் கடன்கள். கொடுத்த வங்கிகளும் பிற நிறுவனங்களும் 5,000க்குச் சற்றுக் குறைவு. சராசரிக் கடன் 2 லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேல். எண்ணிக்கையில் 74 சதவீதக் கடன்கள் ஒன்றரை லட்சம் டாலருக்கு உட்பட்டவை என்று அரசு பெருமையாகச் சொன்னது. பெருமை நியாயம்தான், ஆனால் அந்த 74 சதவீதத்துக்குப் போன பணம் மொத்தத்தில் 17 சதவீதம்.

வங்கிக்குக் கிடைத்த கட்டணத்தைப் பார்த்தால் இதன் காரணம் பாதி புரியும். மூன்றரை லட்சம் டாலர் வரையிலான கடனுக்கு 5 சதவீதம், 20 லட்சம் வரை 3 சதவீதம், அதற்கு மேல் 1 சதவீதம். சிறிய கடனுக்கு அதிக விகிதம் கொடுத்திருக்கிறார்களே, நல்லதுதானே என்று தோன்றும். 20,000 டாலர் கடன் கொடுத்தால் வங்கிக்கு 1,000 டாலர். 1 கோடி டாலர் கடன் கொடுத்தால் 1,00,000 டாலர். இரண்டுக்கும் விண்ணப்பப் படிவம் ஒன்றே. பெரிய தொழிலில் காகிதங்களை அடுக்கித் தரக் கணக்காளர் இருக்கிறார், சிறிய கடைக்காரர் நான்கு தடவை கூப்பிட்டு நாற்பது கேள்வி கேட்பார். முந்தி வருபவருக்கு முதலில் என்ற விதியும் சேர்ந்துகொண்டால் வங்கி எந்தக் கோப்பை முதலில் எடுக்கும்? அங்கே யாரும் அயோக்கியராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. விதியே அப்படித்தான் நடக்கச் சொன்னது.

இன்னொரு ஓட்டை சட்டத்திலேயே இருந்தது. 500 பேருக்கு உட்பட்ட தொழில்களுக்கே கடன் என்பது பொது விதி. உணவகம், விடுதித் தொழிலுக்கு மட்டும் ஒவ்வொரு கிளையிலும் 500 பேருக்கு உட்பட்டிருந்தால் போதும் என்று விலக்கு கொடுத்தார்கள். 500 பேர் வேலை செய்யும் ஒற்றை உணவகம் எங்கே இருக்கிறது? பங்குச் சந்தையில் பட்டியலிட்ட உணவகச் சங்கிலிகள் இந்த வழியாக வந்தன. ஷேக் ஷாக் 1 கோடி டாலர் வாங்கியது, ரூத்ஸ் கிறிஸ் 2 கோடி. லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணியும் 46 லட்சம் டாலர் வாங்கியிருந்தது. செய்தி வெளியானதும் மூவரும் திருப்பிக் கொடுத்தார்கள். விதிப்படிதான் வாங்கினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதே வாரத்தில் வாசலில் நின்ற சிறு கடைக்காரருக்கு "பணம் தீர்ந்துவிட்டது" என்ற பதில்தான் கிடைத்தது.

பணம் எங்கே போனது என்று பொருளியல் ஆய்வாளர்கள் பிறகு பார்த்தபோது இன்னும் விசித்திரமான ஒன்று தெரிந்தது. முதல் சுற்றுப் பணம் நோய் கடுமையாகத் தாக்கிய பகுதிகளுக்கு அதிகமாகப் போனது என்பதற்குச் சான்றே இல்லை. கடை அடைப்பு கடுமையாக இருந்த நியூயார்க்கைவிட நெப்ராஸ்கா போன்ற மாநிலங்களில் சிறு தொழில்கள் அதிக விகிதத்தில் கடன் பெற்றன. நெப்ராஸ்காவில் ஊர்மட்ட வங்கிகள் நிறைய. கடைக்காரரை மேலாளருக்குப் பெயர் சொல்லி அழைக்கத் தெரியும். வியாதி ஒரு வரைபடம் போட்டது, வங்கிக் கிளைகள் வேறொரு வரைபடம் போட்டன; பணம் இரண்டாவதைப் பின்பற்றியது.

ஏப்ரல் 24 அன்று கையெழுத்தான இன்னொரு சட்டம் மேலும் சுமார் 31,000 கோடி டாலர் ஒதுக்கியது. இம்முறை 6,000 கோடியைச் சிறிய வங்கிகள், வசதி குறைந்த பகுதிகளுக்குக் கடன் தரும் சமுதாயக் கடன் அமைப்புகள் வழியாகத்தான் தர வேண்டும் என்று தனியே எடுத்து வைத்தார்கள். ஏப்ரல் 27 மீண்டும் தொடங்கிய திட்டம் ஆகஸ்ட் 8 வரை நடந்தது. அதுவரை மொத்தம் 52 லட்சம் கடன்கள், சுமார் 52,500 கோடி டாலர். சராசரிக் கடன் ஒரு லட்சம் டாலராக இறங்கியது. முடிவில் 13,000 கோடி டாலருக்குச் சற்று மேல் மிச்சமே இருந்தது. ஏப்ரல் 16 அன்று பணமில்லை என்று திருப்பி அனுப்பிய திட்டத்தில் ஆகஸ்டில் பணம் வாங்க ஆளில்லை. இடையில் மூடிய கடைகள் இந்த இரண்டு எண்ணிலும் சேராது.

எட்டு வாரக் கணக்கு

வாசலைத் தாண்டியவருக்கும் நிம்மதி உடனே வரவில்லை. ஓர் உணவகத்தை எடுத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் எண்கள் விதிப்படி. எட்டு பேர் வேலை, மாதச் சம்பளச் செலவு 20,000 டாலர். இரண்டரை மடங்கு என்றால் 50,000 டாலர் கடன். பணம் ஏப்ரல் 20 அன்று கணக்கில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொடக்க விதிப்படி அன்றிலிருந்து எட்டு வாரத்துக்குள் செலவழிக்க வேண்டும். முழுத் தள்ளுபடி வேண்டுமென்றால் முக்கால் பங்கு, அதாவது 37,500 டாலர், சம்பளமாகவே போயிருக்க வேண்டும்.

அடுப்பு அணைந்து கிடக்கிறது. அரசு உத்தரவுப்படி மேசைகளைத் திறக்க முடியாது. எட்டு பேரையும் கூப்பிட்டு எட்டு வாரம் சம்பளம் கொடுத்தால் ஏறக்குறைய 37,000 டாலர் ஆகிறது. விதி கேட்பதற்குச் சற்றுக் குறைவு. ஜூன் நடுவில் உத்தரவு தளர்ந்து கடையைத் திறக்கும்போது, ஆள் தேவைப்படும் அந்த நாளில், பணம் தீர்ந்திருக்கும். ஆளைக் கூப்பிடாமல் பணத்தை வைத்திருந்தால் தள்ளுபடி இல்லை. இரண்டே ஆண்டில் திருப்பிக் கட்ட வேண்டிய கடனாகிவிடும்.

கூப்பிட்டால் வருவார்களா என்பது அடுத்த சிக்கல். அதே கேர்ஸ் சட்டம் வேலையிழந்தவர்களுக்கு வழக்கமான உதவித்தொகையோடு வாரம் 600 டாலர் கூடுதலாக ஜூலை இறுதிவரை கொடுத்தது. தகுதியுள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இழந்த சம்பளத்தைவிட இந்த உதவி அதிகமாக இருந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பாத்திரம் கழுவுபவர் வீட்டில் இருந்தால் கூடுதல் வருமானம், நோய்ப் பயமும் இல்லை. அவரைக் கூப்பிடுவது முதலாளிக்கே தர்மசங்கடம். ஒரே சட்டத்தின் இரண்டு பக்கங்கள் ஒன்றோடொன்று மோதின. தொழிலாளிக்குக் கொடுத்த 600 டாலரை நான் குறை சொல்லவில்லை. அது பல குடும்பங்களின் வாடகையைக் கட்டியது. சம்பளத்தைக் காப்பாற்றும் திட்டத்தை எழுதியவர்களும் வேலையின்மை உதவியை எழுதியவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் இது நேர்ந்திருக்காது என்றுதான் சொல்கிறேன்.

ஜூன் 5 அன்று சட்டத்தைத் திருத்தினார்கள். எட்டு வாரம் 24 வாரமானது. 75 சதவீதம் 60 ஆனது. திருப்பிக் கட்டும் காலம் ஐந்து ஆண்டாக நீண்டது. நல்ல திருத்தம். ஆனால் ஏப்ரல் தொடக்கத்தில் கடன் வாங்கி, விதிக்குப் பயந்து எட்டு வாரமும் சம்பளம் கொடுத்து முடித்தவர்களுக்கு அதற்குள் காலம் கடந்துவிட்டது. சொன்னபடி உடனே நடந்தவர்தான் இதில் அதிகம் இழந்தார்.

தனி ஆள் தொழில்

எனக்கு மிகவும் உறுத்துவது இந்தப் பகுதிதான்.

அமெரிக்கச் சிறு தொழில்களில் பெரும்பாலானவற்றில் வேலையாளே கிடையாது. உரிமையாளர் ஒருவர் மட்டுமே. முடி திருத்துபவர், வாடகைக் கார் ஓட்டுபவர், வீடு சுத்தம் செய்பவர், படம் எடுப்பவர். இவர்களுக்குச் சம்பளப் பட்டியல் என்று ஒன்று இல்லை. பிறகு எதைப் போல் இரண்டரை மடங்கு? வருமான வரிப் படிவத்தில் காட்டிய நிகர லாபத்தை வைத்துக்கொள்வது என்று விதி வந்தது.

முடி திருத்தும் ஒருவரின் 2019 கணக்கைப் பார்ப்போம். ஆண்டு வரவு 60,000 டாலர். நாற்காலி வாடகை, கருவிகள், காப்பீடு, வண்டிச் செலவு எல்லாம் கழித்து, கணக்காளர் சொன்னபடி தேய்மானத்தையும் எழுதியதில் நிகர லாபம் 6,000 டாலர் என்று நிற்கிறது. வரி மிச்சமாக வேண்டும் என்பதற்காக எல்லாரும் செய்வதுதான். 6,000ஐ 12ஆல் வகுத்து இரண்டரையால் பெருக்கினால் 1,250 டாலர். இதுதான் அவருடைய கடன். நட்டம் காட்டியிருந்தால் பூஜ்யம்.

2021 மார்ச் தொடக்கத்தில் விதி மாறியது. நிகர லாபத்துக்குப் பதில் மொத்த வரவை வைத்துக்கொள்ளலாம். அதே ஆள், அதே படிவம், இப்போது கடன் 12,500 டாலர். பத்து மடங்கு. பழைய விதிப்படி 1,250 டாலர் வாங்கித் தள்ளுபடிக்கும் போய்விட்டவர், "எனக்கும் மாற்றித் தாருங்கள்" என்று கேட்க முடியாது. புதிய விதி பின்தேதியிட்டுப் பொருந்தவில்லை. சீக்கிரம் வந்தவருக்கு முதல் சுற்றில் பரிசு கொடுத்த திட்டம் இங்கே சீக்கிரம் வந்தவரையே தண்டித்தது.

யார் இந்தத் தனி ஆள் தொழில்களை நடத்துகிறார்கள் என்று பார்த்தால் விஷயம் இன்னும் கனமாகிறது. பொருளியல் பேராசிரியர் ராபர்ட் ஃபேர்லி மத்திய அரசின் மாதாந்திர மக்கள் கணக்கெடுப்பை எடுத்து எண்ணினார். 2020 பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையே தொழில் நடத்திக்கொண்டிருந்த உரிமையாளர்களின் எண்ணிக்கை ஒன்றரைக் கோடியிலிருந்து 1.17 கோடியாகக் குறைந்தது. 22 சதவீதம் சரிவு. கருப்பின உரிமையாளர்களில் சரிவு 41 சதவீதம். இவர்களில் பலருக்கு வங்கியில் தொழில் கடன் கிடையாது, கணக்காளர் கிடையாது. வாசலும் அவர்களுக்கு எட்டவில்லை. எட்டியவருக்கும் தொகை சொற்பம்.

விண்ணப்பத்தை மனிதர் பார்ப்பதற்குப் பதில் கணினியே சரிபார்க்கும் முறைக்குச் சிறிய வங்கிகள் மாறியபோது, அவை கருப்பின உரிமையாளர்களுக்குக் கொடுத்த கடன்களின் பங்கு உயர்ந்தது என்று பின்னாளில் ஓர் ஆய்வு காட்டியது. கணினிக்கு மனசாட்சி இல்லை என்பார்கள். அறிமுகமும் இல்லை.

2020 டிசம்பர் 27 அன்று வந்த சட்டம் 28,400 கோடி டாலரோடு மூன்றாம் சுற்றைத் தொடங்கியபோது பாடம் ஓரளவு படித்திருந்தார்கள். 2021 ஜனவரியில் முதல் சில நாள் சமுதாயக் கடன் அமைப்புகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டன. இரண்டாம் முறை கடன் வாங்க 300 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, வரவு 25 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். உணவகங்களுக்கு இரண்டரைக்குப் பதில் மூன்றரை மடங்கு. பிப்ரவரி இறுதியில் இரண்டு வாரம், 20 பேருக்குக் குறைந்த தொழில்களின் விண்ணப்பம் மட்டும். வரவு குறைந்ததா என்று கேட்கும் எளிய கேள்வி ஒன்பது மாதம் கழித்துத்தான் படிவத்தில் ஏறியது என்பது வியப்பு. முதல் இரண்டு சுற்றிலும் "இன்றைய நிச்சயமற்ற நிலையில் இந்தக் கடன் அவசியம்" என்று உரிமையாளர் கையெழுத்துப் போட்டால் போதும். வியாபாரம் கூடியவர்களும் போட்டார்கள்.

திருட்டு

வேகமாகத் திறந்த வாசலில் திருடனும் நுழைவான். எஸ்பிஏவின் உள் தணிக்கை அலுவலகம் 2023 ஜூனில் வெளியிட்ட மதிப்பீட்டில், மோசடியாக இருக்கக்கூடும் என்று சந்தேகிக்கும் கடன்கள் 20,000 கோடி டாலருக்கு மேல். அதில் சம்பளப் பாதுகாப்புக் கடன் 6,400 கோடி, எஸ்பிஏ நேரடியாகக் கொடுத்த பேரிடர்க் கடன் 13,600 கோடி. வழக்குப் போடும் காலக்கெடுவை 2022இல் பத்து ஆண்டாக நீட்டினார்கள்.

எண்களை ஒப்பிட்டால் ஒன்று தெரிகிறது. அரசே நேரடியாகக் கொடுத்த திட்டத்தில் ஓட்டை பெரிது. வங்கி வழியாகப் போனதில் விகிதம் குறைவு. வங்கி வாசலை இவ்வளவு நேரம் திட்டியவன் இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தெரிந்தவரை மட்டும் உள்ளே விடுகிற அதே குணம்தான் தெரியாத திருடனையும் வெளியே நிறுத்துகிறது.

பணம் போன இடம்

எம்ஐடி பொருளியலாளர் டேவிட் ஆட்டரும் அவர் குழுவும் 2022இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் திட்டத்தைப் பற்றிய விவாதத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. 2020இல் கொடுத்த பணத்தில் 23 முதல் 34 சதவீதம்தான், இல்லாவிட்டால் வேலையிழந்திருக்கக்கூடிய தொழிலாளிகளுக்குப் போனது என்கிறார்கள். ஒரு வேலையை ஓராண்டு காப்பாற்ற 1,70,000 முதல் 2,57,000 டாலர்வரை ஆனது. மிச்சம் உரிமையாளர்கள், பங்குதாரர்கள், கடன் கொடுத்தவர்கள், பொருள் கொடுத்தவர்கள் கைக்குப் போனது. மொத்தப் பலனில் முக்கால் பங்கு வருமானத்தில் மேல் ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களைச் சேர்ந்தது.

வேலையைக் காப்பாற்றுவதை அளவுகோலாக வைத்தால் இது கசப்பான முடிவு. ஆனால் தொழில் பிழைப்பதை அளவுகோலாக வைத்தால்? வாடகை கட்டாமல் கடை கைவிட்டுப் போயிருந்தால், சப்ளையர் பாக்கி நின்று உறவு முறிந்திருந்தால், வேலையாள் திரும்பி வர இடமே இருந்திருக்காது. இந்தத் திட்டம் சம்பளம் என்று பெயர் வைத்துக்கொண்டு கடையைக் காப்பாற்றியது. பெயரையும் வேலையையும் பொருத்தியிருந்தால் சம்பளப் பங்கு குறைந்து, வாடகைக்கு இடம் கூடி, தேவையில்லாதவருக்குப் போனது மிஞ்சியிருக்கும். வேலையாளுக்கு வேலையின்மை உதவி தனியாக இருந்ததே.

கொடுத்த கடனில் 90 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடியாகிவிட்டது. அந்த வேலையும் சுலபமாக நடக்கவில்லை: முதல் தள்ளுபடிப் படிவத்தைப் பார்த்து மலைத்த சிறு உரிமையாளர்களுக்காக 2020 அக்டோபரில் 50,000 டாலருக்கு உட்பட்ட கடன்களுக்கு எளிய படிவம் வந்தது, பிறகு அந்த வரம்பை ஒன்றரை லட்சமாக்கினார்கள்.

மற்ற வாசல்கள்

ஜெர்மனி வங்கியைத் தேடிப் போகவில்லை. ஆளை நீக்காமல் வேலை நேரத்தைக் குறைத்தால், இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம், குழந்தை இருந்தால் 67 சதவீதம் அரசின் வேலைவாய்ப்பு அமைப்பு கொடுக்கும் ஏற்பாடு அங்கே பல பத்தாண்டுகளாக இருந்தது. 2020 ஏப்ரலில் சுமார் 60 லட்சம் பேர் அதில் இருந்தார்கள். குழாய் ஏற்கெனவே பதித்திருந்தது, திறந்துவிட்டால் போதும். கூடவே ஐந்து பேர் வரை உள்ள தொழிலுக்கு மூன்று மாத வாடகை போன்ற செலவுகளுக்கு 9,000 யூரோ வரையிலும், பத்து பேர் வரை 15,000 யூரோ வரையிலும் நேரடி மானியம். சம்பளம் ஒரு வழி, கடைச் செலவு இன்னொரு வழி என்று பிரித்த இந்த யோசனைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

பிரிட்டன் 2020 மே 4 அன்று தொடங்கிய கடனில் 2,000 முதல் 50,000 பவுண்ட் வரை, ஆண்டு வரவில் கால் பங்குக்கு மிகாமல், முழு அரசு உத்தரவாதத்தோடு, உரிமையாளர் தாமே சொல்லும் கணக்கை நம்பிக் கொடுத்தது. ஏறத்தாழ 15 லட்சம் கடன்கள், சுமார் 4,700 கோடி பவுண்ட். வேகம் அபாரம். மோசடியைத் தடுப்பதில் அரசு காட்டிய மெத்தனத்தைக் கண்டித்து, அதற்குப் பொறுப்பான அமைச்சர் ஆக்னியூ பிரபு 2022 ஜனவரியில் மேலவையிலேயே பதவி விலகினார்.

இந்தியா 2020 மே 13 அன்று அறிவித்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் 3 லட்சம் கோடி ரூபாய். பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் கூடுதல் கடன், ஈடில்லாமல், முழு உத்தரவாதத்தோடு, முதல் ஓராண்டு அசல் கட்ட வேண்டாம். இங்கே வாசல் அமெரிக்காவைவிடக் குறுகல்: ஏற்கெனவே கடன் வாங்கியிருந்தவருக்கே கூடுதல் கடன். கடனில்லாமல் சொந்தப் பணத்தில் தொழில் செய்தவர் இந்தக் கணக்கில் வரவேயில்லை. அதுவும் திருப்பிக் கட்ட வேண்டிய கடன், தள்ளுபடி கிடையாது. தெருவோர வியாபாரிகளுக்கு ஜூனில் தனியாக 10,000 ரூபாய்க் கடன் திட்டம் வந்தது. அதற்கு வாசல், வங்கிக்கு முன்னால், உள்ளாட்சி அமைப்பு தரும் வியாபாரச் சான்றிதழ்.

மிச்சம் இருக்கும் தவணை

சம்பளப் பாதுகாப்புக் கடன் முடியும் தறுவாயில் உணவகங்களுக்கென்று 2,860 கோடி டாலர் நிதி ஒன்று 2021 மே 3 அன்று திறந்தது. 2,78,000க்கு மேல் விண்ணப்பங்கள் வந்தன. கேட்ட தொகை 7,200 கோடிக்கு மேல். பெண்கள், முன்னாள் படைவீரர், சமூகத்தில் பின்தள்ளப்பட்டவர் நடத்தும் உணவகங்களுக்கு முதல் மூன்று வாரம் முன்னுரிமை. வெள்ளையின உரிமையாளர்கள் வழக்குப் போட, நீதிமன்றம் முன்னுரிமையை நிறுத்தியது. உங்களுக்குப் பணம் ஒதுக்கியாகிவிட்டது என்று கடிதம் வாங்கியிருந்த ஏறத்தாழ 3,000 பேருக்கு, ஒதுக்கீடு ரத்து என்று இன்னொரு கடிதம் போனது. முதல் சுற்றில் பின்தங்கியவர்களுக்குப் பின்னாளில் ஈடுகட்ட முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

வங்கி வாசலில் திரும்பியவர்கள் பலர் எஸ்பிஏவின் நேரடிப் பேரிடர்க் கடனுக்குப் போனார்கள். அதில் சிறு முன்தொகை தவிர மற்றது தள்ளுபடி ஆகாது. வட்டி 3.75 சதவீதம், காலம் 30 ஆண்டு. 2020 மே முதல் ஏறக்குறைய ஓராண்டுக்கு அதன் உச்சவரம்பு ஒன்றரை லட்சம் டாலர். அந்தத் தொகையை வாங்கியவருக்கு மாதத் தவணை 731 டாலர். 2020 ஜூனில் 45 வயதில் கையெழுத்துப் போட்ட ஒரு கடைக்காரர், தவணை தவறாமல் கட்டினாலும், 2050இல் 75 வயதிலும் அதே கடனைத்தான் கட்டிக்கொண்டிருப்பார்.